குசினிப் பாட்டின் மிச்சம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சிட்னியில், கெல்லிவில்லில் ஒரு சமூகக் கூடத்தில், முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் காலை மிதித்தபோது கிடைத்தது. அவர் "பரவாயில்லை தம்பி" என்றார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இருந்தாலும் அந்தத் 'தம்பி'க்காக இன்னொரு முறை மிதித்திருக்கலாம்.

ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் மதியம் அது. முந்தின நாள் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. மறுநாள் சாப்பாடும் ஆட்டமும் என்று அழைப்பில் போட்டிருந்தார்கள். ஆட்டம் என்றால் பையன்கள் ஸ்பீக்கரை அலறவிட்டுக் குதிப்பார்கள், நான் தட்டோடு ஓரமாக ஒதுங்கிவிடலாம் என்று நம்பிப் போனேன். அங்கே எங்களை இரண்டு நீள வரிசையாக எதிரெதிரே நிறுத்திவைத்துவிட்டார்கள்.

மேடையில் ஓர் அம்மையார். மயில்கழுத்து நிறத்தில் பட்டுச் சேலை, காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ, கையில் மைக். அவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஒருவர் மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். ஒருவரை ஒருவர் தப்பித்தவறிக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் யார், என்ன உறவு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது உண்மையைச் சொல்லியிருப்பார்கள், நான் மெனக்கெட்டு இதை எழுத வேண்டியிருந்திருக்காது. ஆக, சேலையும் ஷூவும் மாண்டலினும் நடுவிலிருந்த இடைவெளியும் நான் கண்ணால் பார்த்தவை. மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்து செய்தது. இன்னொன்றையும் பார்த்தேன். அதை இப்போது சொன்னால் கதை இந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும்.

2

தொடக்கங்கள்.

'மெல்பர்னில் அன்று காலையிலிருந்தே மழை —' மெல்பர்ன் என்று எழுதினாலே எனக்கு மழை வந்துவிடுகிறது. அடித்துவிட்டேன்.

'சந்திரவதனா அந்த எண்ணைப் பன்னிரண்டு வருடம் கழித்து அழுத்தினாள். மறுமுனையில் —' இது மோசமில்லை. ஆனால் மறுமுனை எடுத்துவிட்டால் இவள் பேச வேண்டும். பேசினால் யாழ்ப்பாணத் தமிழில் பேச வேண்டும். நான் மதுரைக்காரன். இரண்டாவது வரியிலேயே அவள் வாயில் 'ஆமா' வந்தது. அடித்து 'ஓம்' என்று மாற்றினேன். பிறகு பெண்டில் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் விக்னராஜாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன். மிச்சமிருக்கும் பிழைகளுக்குத் தான் பொறுப்பில்லை என்று போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

(மேடையில் நின்றவரை 'அவர்' என்றேன். கதைக்குள் வருபவள் 'அவள்'. முன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. பின்னவளை எனக்குக் கொஞ்சம் தெரியும்.)

'சாப்பாட்டு மேசையில் நான்கு போத்தல்கள் இருந்தன.' இது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை வைத்துக்கொள்வோம்.

3

சாப்பாட்டு மேசையில் நான்கு போத்தல்கள் இருந்தன. மிளகாய்த்தூள், மஞ்சள், சீரகம், உப்பு. மெல்பர்னின் நோபல் பார்க்கில் தன் வீட்டுக் குசினியில் (எங்கள் மதுரையில் அடுப்படி) சந்திரவதனா அவற்றை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்திருந்தாள். மிளகாய்த்தூளும் மஞ்சளும் ஒரு ஜோடி. சீரகமும் உப்பும் இன்னொரு ஜோடி. வாய்க்குள் ஒரு பாட்டை முனகிக்கொண்டே போத்தல்களை விரலால் நகர்த்தினாள். மிளகாய்த்தூள் சீரகத்தைச் சுற்றி வந்தது. உப்பு மேசை விளிம்புவரை போய்த் திரும்பியது.

அவள் வாரநாளில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிப்பவள். சனிக்கிழமைகளில் கான்ட்ரா நடனம் சொல்லிக்கொடுப்பவள். கான்ட்ராவைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: இரண்டு நீள வரிசை. எதிரே நிற்பவர் உங்கள் ஜோடி. இரண்டு ஜோடிகள் சேர்ந்து, பாட்டு ஒரு முறை முடிவதற்குள், முன்னால் வருவார்கள், பின்னால் போவார்கள், நாலு பேரும் கைகோத்துச் சுற்றுவார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் பாட்டின் தாளத்தில் எட்டுத் தட்டு. பாட்டு முடியும்போது ஒவ்வொரு ஜோடியும் திரும்பி, ஓர் இடம் நகர்ந்து, புதிய ஜோடியின் முன்னால் நிற்கும். உடனே பாட்டு மறுபடி தொடங்கும். கூடத்தில் இருக்கிற எல்லாரோடும் ஆடி முடியும்வரை இப்படியே போகும்.

யாருக்கும் முன்கூட்டி ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்து என்ன செய்வது என்று மேடையிலிருந்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். சந்திரவதனா அந்த ஒருவர். அந்த வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாட்டு வந்த பிறகு சொன்னால் ஆடுகிறவர்கள் தடுமாறிவிடுவார்கள். சொல் முதலில் போக வேண்டும், பாட்டு அதற்குப் பின்னால் வர வேண்டும், நடுவில் காலைத் தூக்க நேரம் இருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மேசையில் பிரச்சினை என்னவென்றால், போத்தல்கள் எல்லாம் இடம் மாறி நின்ற பிறகும் அவள் முனகிய பாட்டு முடியவில்லை. நாலு தட்டு மிச்சமிருந்தது.

அது குசினிப் பாட்டு. கடையில் வாங்கிய பாட்டல்ல. பிரிந்துபோன கணவன் அருந்தவன் கட்டிய மெட்டு. இலங்கைப் பைலாப் பாட்டின் துள்ளல் கொஞ்சம், வேறென்னவோ கொஞ்சம். கடைசி வரியின் கடைசியில் ஓர் இழுவை, அந்த நாலு தட்டு. கூடத்துக்கு அந்த இழுவை ஆகாது. பாதிப் பேர் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடுவார்கள், பாதிப் பேர் நிற்பார்கள், நடுவில் மோதல்தான்.

அவள் வேறு பாட்டை எடுத்திருக்கலாம். ஆனால் ராகவி கேட்டது இதைத்தான். ராகவி அவளுடைய மகள், கல்யாணப் பெண்.

"அம்மா சொல்லிக் குடுக்கவேணும், அப்பா வாசிக்கவேணும். குசினிப் பாட்டு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்," என்றாள் ராகவி. (ஆங்கிலத்தில் சொன்னாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. மொழிபெயர்ப்பு என்னுடையது, திருத்தம் விக்னராஜாவுடையது.) "நான் வளந்து யுனிவர்சிட்டிக்குப் போனாப் பிறகு உங்கள் ரெண்டு பேரையும் ஒரு அறைக்குள்ள கண்டதில்லை. பர்த்டே எண்டாலும் ரெண்டு கேக். ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ, நான் போன்ல இருந்து பாட்டுப் போடுறன்."

"ஏலும்," என்றாள் சந்திரவதனா.

4

குசினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது அவளுடைய இப்போதைய குசினி அல்ல. இதே நோபல் பார்க்கில், ரயில் பாதைக்குப் பின்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளும் அருந்தவனும் வாடகைக்கு இருந்த செங்கல் யூனிட்டின் குசினி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆங்கில வகுப்பில் பாடம் எடுத்த வெள்ளைக்காரப் பெண், மாணவர்களைப் பேசவைக்க வேறு வழி தெரியாமல் ஒரு சனிக்கிழமை தேவாலயக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கான்ட்ரா. வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருந்த சந்திரவதனா, யாரோ கையை நீட்டினால் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டியதுதான் என்று கண்டதும் அதிலேயே விழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, அவர்களோடு தங்கியிருந்த சிநேகிதன் வரதராஜாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இருந்ததே நீளமான, ஒடுக்கமான குசினி. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு முனையில் கதவு, மறுமுனையில் ஃபிரிட்ஜ். அருந்தவன் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்து, பழைய சாமான் கடையில் வாங்கிய மாண்டலினோடு சிங்க்கின் ஓரத்தில் ஏறி உட்காருவான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நாலைந்து சிநேகிதர்கள் வருவார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும். கதவிலிருந்து ஆடிக்கொண்டு போய், ஃபிரிட்ஜில் முட்டி, திரும்பி, மறுபடி கதவு. கீழ் வீட்டுக் கிரேக்கக் கிழவர் ஒருநாள் சத்தம் போட வந்து, இரண்டு சுற்று ஆடிவிட்டுப் போனார்.

பணமில்லை, காகிதங்கள் சரியாக இல்லை, ஊரிலிருந்து வந்த செய்தி ஒன்றும் நல்லதாக இல்லை. இருந்தும் தன் வாழ்க்கையில் சிரிப்பு நிறைந்திருந்த இடம் எது என்று கேட்டால் சந்திரவதனா அந்தக் குசினியைத்தான் சொல்வாள். இப்போதும் ரயிலில் அந்த வழியாகப் போகும்போது இடப்பக்கம் உட்காருவாள். யூனிட் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இடப்பக்கம்தான்.

ராகவி பிறந்தது அங்கே இருந்தபோதுதான். பிறப்பதற்கு முந்தின வாரம்வரைக்கும் சந்திரவதனா ஆடினாள்.

வருடங்கள் ஓடின. அவள் கூடத்தில் நடனம் சொல்லிக்கொடுக்கிறவள் ஆனாள். அருந்தவன் அங்கே வாத்தியக்காரர்களோடு சேர்ந்து வாசித்தான். ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், குசினிப் பாட்டை எடுத்தான். இழுவை வந்ததும் கூடமே ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றது. மைக் திறந்திருந்தது. "உங்களுக்கு எண்ணத் தெரியாதோ?" என்றாள் அவள். தமிழ் தெரியாத கூட்டம்தான். ஆனால் தொனி எல்லாருக்கும் விளங்கியது. அருந்தவன் மாண்டலினைப் பெட்டிக்குள் வைத்தான். அதன் பிறகு கூடத்தில் அவன் வாசிக்கவில்லை.

5

இதற்காகவா பிரிந்தார்கள் என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு பாட்டுக்காக யாரும் பிரிவதில்லை.

பிரிவுக்கான காரணத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். 'அருந்தவனுக்கு வேலை போன வருடம் —' வேண்டாம். 'அவளுடைய தம்பியை ஸ்பான்சர் செய்யும் விஷயத்தில் —' வேண்டாம். மூன்றாவதை எழுதி முடித்துவிட்டு, என் வீட்டில் யாரும் படித்துவிடக் கூடாது என்று அழித்தேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதி இருப்பார்கள். நல்லவர்கள், ஆனால் ஒரே அறையில் இருக்க முடியாதவர்கள். அவர்களுடைய காரணத்தை எடுத்து இங்கே போட்டுக்கொள்ளுங்கள். பொருந்தும்.

அவன் சிட்னிக்குப் போனான். அவள் நோபல் பார்க்கில் தங்கினாள். பன்னிரண்டு வருடம் பேச்சில்லை. பேசக் கூடாது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. கூப்பிட ஒரு சொல் இல்லாமல் போய்விட்டது. முன்பு 'இஞ்சாருங்கோ' என்பாள். பிரிந்த புருஷனை எப்படிக் கூப்பிடுவது என்று எந்தத் தமிழிலும் ஏற்பாடு இல்லை.

6

இரண்டாவது தொடக்கம் இங்கேதான் வர வேண்டியிருந்தது போலிருக்கிறது.

சந்திரவதனா அந்த எண்ணைப் பன்னிரண்டு வருடம் கழித்து அழுத்தினாள்.

"நான் சந்திரா கதைக்கிறன்."

"ஓம், தெரியுது. நம்பர் மாத்தேல்லைத்தானே."

"ராகவி சொன்னவளோ?"

"சொன்னவள். குசினிப் பாட்டு வேணுமாம்."

"அதின்ர கடைசியில ஒரு இழுவை இருக்கெல்லே."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவி அணைந்தது. பிறகு, "ஓம்."

"அதை வெட்டிப்போட்டு வாசிக்கேலுமோ? வாற ஆக்கள் எல்லாம் புதுசு. பாட்டு நேரா இருந்தாத்தான் என்னால சொல்லிக் குடுக்கேலும். மாப்பிள்ளை வீட்டு ஆக்களுக்கு முன்னால குழம்பினா பிள்ளைக்குத்தான் வெக்கம்."

"வெட்டலாம்."

"கோவமில்லையே?"

"இதில என்ன கோவம். வெட்டுறன்."

இவ்வளவுதான். அவள் சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்தாள், சண்டை கிடைக்கவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏதோ ஒரு சாமானை வீதியில் வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

(எனக்கும் அருந்தவன் இங்கே பிடிபடவில்லை. ஏன் இவ்வளவு சுலபமாகச் சரி என்கிறான்? அவன் வாயில் நீளமான பேச்சு ஒன்றை எழுதினேன். இசை, மானம், பழைய நாள் எல்லாம் இருந்தது. படித்துக் கேட்ட விக்னராஜா, "உப்பிடிக் கதைக்கிற ஆளெண்டா அவள் விட்டிருக்கமாட்டாளே," என்றார். எடுத்துவிட்டேன்.)

7

கெல்லிவில் கூடம். இனி நானும் வரிசையில் நிற்கிறேன், மூன்றாவது ஆள்.

மாப்பிள்ளை பிரதீப்குமார். அவன் அம்மா விஜயா, கோயம்புத்தூர்ப் பக்கம். அவன் அக்கா பிரவீணா, ஏழு மாதக் கர்ப்பிணி. 'நீ உக்காரு' என்று விஜயா கண்ணால் மிரட்டியும் கேட்காமல் எனக்கு எதிரே வந்து நின்றாள்.

(கதைக்கு வசதியாக ஒரு கர்ப்பிணி வந்துவிட்டாளே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.)

நம்மவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியமல்ல. 'எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சிரியுங்கோ' என்று சந்திரவதனா சொன்னதும், அங்கிள்மார் எல்லாரும் கோத்திருந்த கையை விட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். வட்டம் அறுந்துபோனது. இரண்டு ஜோடிகள் ஒன்றையொன்று கடந்துபோக வேண்டிய இடத்தில், "நீங்க போங்க", "இல்லை, நீங்கள் போங்கோ" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு யாருமே நகரவில்லை. வயதில் மூத்தவரை முந்திப் போகக் கூடாதல்லவா. மேல் முனையில் மாமாவும் சித்தப்பாவும் மரியாதையில் அடைத்துக்கொண்டு நிற்க, கீழ் முனைவரைக்கும் கூட்டம் தேங்கிவிட்டது.

"வயசைப் பாக்கவேண்டாம், பாட்டைப் பாருங்கோ," என்றாள் சந்திரவதனா மைக்கில்.

அடுத்தது சுழலும் இடம். வெள்ளைக்காரர்கள் இதில் தோளை அணைத்துப் பிடித்துச் சுழல்வார்கள். அதை இங்கே சொன்னால் பாதி வரிசை நாற்காலிக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். போத்தல்களை நகர்த்திக்கொண்டிருந்தபோதே அதை மாற்றிவிட்டாள்: கை மட்டும், குறுக்காகக் கோத்து, சாய்ந்து சுழல வேண்டும். அப்படியும் சேலைகள் தயங்கின. அப்போதுதான் விஜயா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"அட, இது தட்டாமாலைங்க. சின்னதுல சுத்தாதவங்க யாரு? வாங்க சம்பந்தி வீட்டுக்காரங்க."

அதன் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. பல்லுக்கட்டிய ஒரு பெரியவர் என்னைச் சுற்றிய சுற்றில் எனக்குக் கூரை கீழே வந்தது. இதற்கெல்லாம் நடுவே அந்த மாண்டலின் நேராக, அளவாக, ஒரு தட்டும் மிச்சமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வெட்டுகிறேன் என்றவன் வெட்டியிருந்தான். ராகவி மேடையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

சந்திரவதனா சிரிக்கவில்லை. எல்லாம் சரியாகப் போகிறது. ஆனால் இந்தப் பாட்டு அவளுக்குத் தெரிந்த பாட்டாக இல்லை. ஒவ்வொரு முறையும் கடைசி வரியில் அவள் கால் தன்னால் ஒரு கணம் நின்றது. பாட்டு நிற்காமல் போனது.

8

இப்போது நான் ஒளித்துவைத்ததைச் சொல்கிறேன். மேடையையும் ஷூவையும் தவிர நான் கண்ணால் பார்த்த இன்னொன்று இதுதான்.

நகர்ந்து நகர்ந்து பிரவீணா மேடைக்கு மிக அருகே, மேல் முனைக்கு வந்தாள். பாட்டின் கடைசி வரி. எல்லாரும் திரும்பிப் புதிய ஜோடியைப் பார்க்க வேண்டும். பிரவீணா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள். மாண்டலின் நின்றது.

நின்றது என்பது தவறு. மாண்டலினில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்க முடியாது, அடித்ததும் செத்துவிடும். நீட்ட வேண்டுமென்றால் அதே சுரத்தை விடாமல் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மீட்டிக்கொண்டே இருந்தார். கண் பிரவீணாவின் மேல் இருந்தது. அவள் திரும்பி முடித்து, நிமிர்ந்து, கையை நீட்டிய பிறகுதான் பாட்டைத் தொடர்ந்தார்.

அதற்குள் மற்றவர்கள் அடுத்த சுற்றுக்குள் போய்விட்டார்கள். நான் பாதி திரும்பி, போவதா நிற்பதா தெரியாமல், பின்னால் வந்த அம்மாவின் காலை மிதித்தேன். "பரவாயில்லை தம்பி." கூடம் முழுக்க மோதலும் சிரிப்பும்.

கர்ப்பிணியைக் கதைக்காக நான் செய்யவில்லை. அவள்தான் நிஜம். அந்தச் சுரமும் நிஜம். அந்த நாலு தட்டுக்குப் பின்னால் என்ன இருக்க முடியும் என்று யோசித்துத்தான் குசினி, ஃபிரிட்ஜ், பன்னிரண்டு வருடம் எல்லாவற்றையும் கட்டினேன்.

மேடையில் அந்த அம்மையார் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மாண்டலின்காரரின் பக்கம் திரும்பியதையும் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. எனவே:

"வெட்டுறனெண்டெல்லே சொன்னீங்கள்," என்றாள் சந்திரவதனா.

"வெட்டினனான். அந்தப் பிள்ளை திரும்பி முடிக்கேல்லை."

அவள் பிரவீணாவைப் பார்த்தாள். வயிற்றில் கை, நெற்றியில் வியர்வை, சிரிப்பு. சந்திரவதனாவின் உள்ளங்கையில் ஒரு குளிர் ஏறியது. அது ஃபிரிட்ஜ் கதவின் குளிர். அந்தக் கதவில் கையூன்றித்தான் அவள் திரும்புவாள், ராகவியைச் சுமந்துகொண்டு. அவள் திரும்பும்வரை பாட்டு இருந்தது. ஒருநாளும் அவளை முந்திப் போகவில்லை. பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்குக் குசினியிலயும் இதுதானோ?"

அருந்தவன் தந்தி முறுக்கும் ஆணியைச் சும்மா திருகினான். "ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில ஒடுக்கம்தானே. நீர் மெல்லத்தான் திரும்புவீர்."

(அந்த 'நீர்' விக்னராஜா தந்தது. "பெண்சாதியை அப்பிடித்தான் கூப்பிடுவம்," என்றார். "பிரிஞ்சாப் பிறகுமா?" என்றேன். அவர் அரிசி நிறுக்கப் போய்விட்டார்.)

"பிள்ளை பிறந்தாப் பிறகாவது இழுவையை விட்டிருக்கலாமே."

"பிறந்தாப் பிறகு அவளைத் தூக்கிக்கொண்டெல்லே ஆடினீர். அதுக்குப் பிறகு, அதுதான் பாட்டெண்டு ஆயிட்டுது."

அன்றைக்குக் கூடத்தில் இதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பதாக எழுதினேன். பிறகு அந்த வரியை எடுத்தேன். சொல்ல அவனுக்கு அவள் நேரம் கொடுக்கவில்லை. அது அவளுக்கே தெரியும். இத்தனை வருடமும் பாட்டுக்கு ஆட்டத்தைப் பொருத்தியே பழகியவளுக்கு, ஒரு பாட்டைத் தன் உடம்புக்கு ஒருவன் பொருத்தியிருக்கிறான் என்பது இப்போதுதான் எட்டியது. அழுகை வந்தது. கையில் மைக் இருந்ததால் அழவில்லை.

"குழம்பினதுக்குக் குறை நினையாதேயும்," என்றான் அருந்தவன். "இனி நேரா வாசிக்கிறன்."

வரிசையிலிருந்து ராகவி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் தலையைக் குனிந்து பேசுவதைக் கண்டு, சண்டை பிடித்துவிட்டார்கள் என்று அவள் முகம் செத்துப்போயிருந்தது. கை இடுப்பிலிருந்த போனுக்குப் போனது.

9

முடிவுகள்.

முதலாவது: சந்திரவதனா மேடையிலிருந்து இறங்கிப் போய் மகளைக் கட்டிக்கொள்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் இறங்கினால் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, ஆட்டம் நின்றுவிடும். மகள் கேட்டது ஆட்டத்தை.

இரண்டாவது: அவளும் அருந்தவனும் ஜோடியாக ஆடுகிறார்கள். முடியாது. அவன் வாசிக்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தில் ஆட முடியாதவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். குசினியில் இருந்தபோதே அப்படித்தான்; அவன் வாசிப்பான், அவள் ஆடுவாள். அவர்கள் இருவரும் ஒரு தடவைகூடச் சேர்ந்து ஆடியதில்லை என்பது இந்த வரியை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

மூன்றாவது: மாலையில் அவன் தன் காரில் அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறான். போக்குவரத்து நெரிசல். விமானம் போய்விடுகிறது. எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. இத்தனை வருடப் பிரிவை ஒரு நெரிசலில் சரிசெய்வது அவர்களுக்கு மரியாதை இல்லை. அவர்கள் மறுபடி சேர வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. ராகவி போனை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

10

சந்திரவதனா மைக்கிலிருந்து கையை எடுத்தாள்.

"எல்லாரும் பழைய இடத்துக்கு வாங்கோ. பிழை உங்கட இல்லை. திரும்பவும் ஒருக்கா ஆடுவம். ராகவி, போனை வை பிள்ளை."

சிரிப்பு. ராகவி போனை வைத்தாள்.

பாட்டு தொடங்கியது. நேராக, அளவாக. அவன் சொன்னால் சொன்னதுதான். அவள் சொல்லிக்கொண்டு போனாள்: முன்னால வாங்கோ, பின்னால போங்கோ, நாலு பேரும் கைகோத்து வட்டம், தட்டாமாலை. அங்கிள்மார் கும்பிடவில்லை. மாமாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் முந்திப் போனார்கள். பிரவீணா எனக்கு எதிரே. கடைசி வரி வந்துகொண்டிருந்தது.

அருந்தவனை அவள் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. 'வெட்டாதேங்கோ' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், நேரமும் இருந்தது. ஆனால் கேட்டு வாங்கினால் அது அவள் கேட்டதாகிவிடும். அவள் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோய், கூடத்தைப் பார்த்து, பாட்டு வருவதற்கு முன்னால் போக வேண்டிய சொல்லைச் சொன்னாள்.

"இப்பத் திரும்பவேணும். அவசரப்படவேண்டாம். ஆறுதலாத் திரும்புங்கோ. பாட்டு நிக்கும்."

சொல் போய்விட்டது. நூறு பேர் அதை நம்பிக் காலைத் தூக்கிவிட்டார்கள். பிரவீணா கையை வயிற்றில் வைத்துக்கொண்டு திரும்பத் தொடங்குகிறாள். ராகவி மேடையைப் பார்க்கிறாள். அருந்தவன் நேராக வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்; அந்த வாக்கைக் கேட்டவளே இப்போது கூடத்துக்கு வேறு வாக்குக் கொடுத்துவிட்டாள். அவன் விரல் கடைசிச் சுரத்தின் மேல் இருக்கிறது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், நான் அங்கே நின்றேன். ஆனால் என் காதில் விழுந்ததை எழுதினால் அது கெல்லிவில்லில் நடந்ததாகிவிடும், இவர்களுக்கு நடந்ததாகாது. அதனால் மாண்டலினை உங்கள் மடியில் வைத்துவிட்டுப் போகிறேன். பிரவீணா இன்னும் திரும்பி முடிக்கவில்லை, பாருங்கள்.